ஆர்.டி. 350-ஆ, ரோட்கிங்கா? சிலிண்டர் போருக்குள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

குடியாத்தத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. நான்கு வருடம் சேர்த்த பணத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வாங்க ஆசை. ராணிப்பேட்டையில் 1986 மாடல் ராஜ்தூத் 350, ஆர்.டி. என்று எல்லாரும் கூப்பிடும் வண்டி, ஒன்று விலைக்கு நிற்கிறது. புது பெயிண்ட், புது குரோம், 'ஹை டார்க்' (High Torque, பவர் கூடின ரகம்) வண்டி என்று சொல்கிறார்கள். வாணியம்பாடியில் 1984 யெஸ்டி ரோட்கிங் ஒன்று. ஒரே ஓனர், வெளுத்துப்போன கம்பெனி பெயிண்ட். எது வேகம், ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி மலைக்குப் போய்வர எது சுகம், எதற்கு நாளைக்கு மதிப்பு ஏறும், இரண்டில் எதை எடுப்பது என்று கேட்கிறார்.

தம்பி, நான் சத்துவாச்சாரியில் லேத் பட்டறை வைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலூர், ஆற்காடு, பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் சித்தூர் வரைக்கும் போர் அடிக்க, அதாவது பிஸ்டன் ஓடும் துளையைக் குடைந்து பெரிதாக்க, வரும் சிலிண்டர்கள் என் மேஜைக்குத்தான் வரும். ஆர்.டி. ஒன்று வைத்திருந்து விற்றேன். ரோட்கிங் இன்னும் வீட்டில் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வேகம். இதில் விவாதமே இல்லை, ஆர்.டி.தான். யமஹாவின் ஆர்.டி. 350-ஐ உரிமம் வாங்கி எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் இங்கே 'ராஜ்தூத் 350' என்று கொண்டுவந்தது. 347 சிசி, பக்கத்தில் பக்கமாக இரண்டு சிலிண்டர், ஆறு கியர். ஜப்பானில் அந்த வண்டி 39 குதிரைத்திறன் கொடுத்தது. நம் பெட்ரோலுக்கும் மைலேஜுக்கும் ஏற்ப இங்கே குறைத்தார்கள். முதலில் வந்த ஹை டார்க் 30.5, பிறகு வந்த லோ டார்க் 27. முன்பக்க டிஸ்க் பிரேக்கையும் எடுத்துவிட்டு டிரம் போட்டார்கள். இவ்வளவு குறைத்த பிறகும் அன்றைக்கு நம் ரோட்டில் அதற்குப் பக்கத்தில் நிற்க வேறு வண்டி இல்லை.

ரோட்கிங் மைசூர் ஐடியல் ஜாவாவின் பிள்ளை. 1978-இல் வந்து 1996-இல் ஃபேக்டரி மூடும் வரை ஓடியது. 250 சிசிக்குச் சற்றே குறைவு, ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர். 16 குதிரைத்திறன், நான்கு கியர். கிக்கரும் கியர் லிவரும் ஒரே கம்பிதான். உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்து ஸ்டார்ட் ஆனதும் கீழே வந்து கியர் லிவர். புதிதாக ஓட்டுபவர் முதல் நாள் முழுக்கத் தடுமாறுவார். இரண்டாம் நாள் கால் தானாகப் பழகிவிடும்.

காகிதத்தில் பார்த்தால் ஆர்.டி.யின் பவர் ரோட்கிங்கைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வண்டி எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு சிலிண்டரையும் மேஜையில் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள், விஷயம் புரியும். ஆர்.டி.யின் போர், அதாவது துளையின் அகலம், 64 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 54. ரோட்கிங்கின் போர் 65, ஸ்ட்ரோக் 75. ஒன்று அகலமும் குட்டையுமான கிண்ணம், இன்னொன்று உயரமான செம்பு. குட்டையான ஸ்ட்ரோக் உள்ள என்ஜின் பதறாமல் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஏறும். நீளமான ஸ்ட்ரோக் உள்ளது ஏறாது, ஆனால் கீழேயிருந்தே இழுக்கும். ரோட்கிங்கை மூன்றாவது கியரில் போட்டு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போய்விட்டு, அதே கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் முனகாமல் எழும். அந்த டுப்-டுப் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. ஆர்.டி.யில் அப்படிச் செய்தால் பிளக் நனைந்து போகும். அதன் உயிர் 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே. அங்கே போனதும் வண்டியின் குணமே மாறும். கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதவர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். 'ரேபிட் டெத்' (வேகமான சாவு) என்று அதற்குப் பெயர் வந்ததும் அதனால்தான். நல்ல வண்டியை அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த டிரம் பிரேக்கோடு அந்த வேகத்தில் போவது ஆபத்துதான், அதை மறைக்க முடியாது.

ஆர்.டி.யின் இன்னொரு ரகசியம் ரீட் வால்வு. கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே கூரை மாதிரி சாய்ந்த ஒரு சின்னப் பெட்டி, அதன் மேல் விரல் நகம் அளவு எஃகு இதழ்கள். காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பிஸ்டன் மேலே போகும்போது இதழ் திறந்து பெட்ரோல் காற்று உள்ளே வரும், கீழே இறங்கும்போது மூடி அது திரும்பிப் போகாமல் தடுக்கும். ரோட்கிங்கில் இந்த வேலையைப் பிஸ்டனின் ஓரமே செய்கிறது, தனியாக வால்வு கிடையாது. பழைய ஆர்.டி. வாங்கும்போது முதலில் இந்த இதழைத்தான் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இதழுக்கும் பெட்டிக்கும் நடுவே கோடு போல வெளிச்சம் தெரியக் கூடாது. முனையில் துளி உடைந்திருந்தாலும் ஸ்டார்ட்டிங் தகராறு செய்யும். உடைந்த துண்டு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிலிண்டருக்குள்தான்.

சரி, ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் இரண்டு வண்டியும் சுகம்தான். ஆர்.டி. வளைவுக்கு வளைவு கியர் கேட்கும், ரோட்கிங் இரண்டாவதிலேயே போய்க்கொண்டிருக்கும். எனக்கு முக்கியம் இறக்கம். டூ ஸ்ட்ரோக்கில் என்ஜின் பிரேக் குறைவு, பிரேக்கையே நம்பி இறங்க வேண்டும், டிரம் சூடேறினால் பிடி தளரும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. ரோட்கிங்கில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறோம், நான் லிட்டருக்கு 40 மில்லி கணக்கில் ஊற்றுவேன். ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக் கியரில் இறங்கினால் பெட்ரோல் அநேகமாக வராது. பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. ஆனால் சக்கரம் சுற்றுவதால் பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும், காய்ந்த நிலையில். அதனால் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு திருகு திருகி விட வேண்டும். ஆர்.டி.யில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். ஆக்சிலேட்டரை மூடினாலும் என்ஜின் சுற்றுவதற்கு ஏற்ப அது கொஞ்சம் ஆயில் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் யமஹாக்காரன் மூளையைக் கும்பிட வேண்டும். ஆனால் நாற்பது வருடப் பழைய பம்ப் சரியாகத் தள்ளுகிறதா என்பது வேறு கேள்வி. அதை நம்பாமல் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுபவர்கள் நிறைய. ராணிப்பேட்டை வண்டியில் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை ஒரிஜினல் வண்டி என்று சொல்லும் வார்த்தையில் ஒரு பகுதி அங்கேயே போய்விட்டது.

இனி மதிப்பு.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திய காலம் அது. பள்ளி முடித்த வருடம் ராணிப்பேட்டை அண்ணன்களோடு பஸ் ஏறிப் போனேன். ஆர்.டி.க்கள் கூட்டமாக நேர் ரோட்டில் வரும் சத்தம், தகரத்தை நீளமாகக் கிழிப்பது போல, முதலில் காதுக்கு வராது, நெஞ்சுக்குத்தான் வரும். அன்று அதைக் கேட்ட பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது, ஐம்பத்தைந்து வயது. கையில் பணம் இருக்கிறது. ஆர்.டி. விலை ஏறுவதற்கு இதுதான் காரணம். அன்றைக்கு அதை வாங்கியவர்கள் குறைவு. லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை யார் வைத்துக் கட்டுப்படி ஆகும்? 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி வந்தது, 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். வாங்கியவர்களிலும் பலர் வண்டியை வெட்டி, ரேஸ் வண்டிக்குப் போடும் சேம்பர் சைலன்சர் மாட்டி, ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். அதனால் கைபடாத ஆர்.டி. மிக அபூர்வம். அபூர்வத்துக்கு விலை உண்டு.

ரோட்கிங் கதை வேறு. பதினெட்டு வருடம் செய்தார்கள், நிறையப் பேர் வைத்திருந்தார்கள். பெல் கம்பெனி வேலைக்காரர்கள், தோல் ஷாப் மேஸ்திரிகள், பால் சொசைட்டிக்காரர்கள் எல்லாம் அதைக் குடும்ப வண்டியாக ஓட்டினார்கள். பின்னால் மனைவி, முன்னால் டேங்கின் மேல் குழந்தை. அதனால் அபூர்வம் குறைவு, விலையும் ஆர்.டி. பக்கத்தில் வராது. நல்ல ஆர்.டி. ஒன்றின் விலைக்கு நல்ல ரோட்கிங் இரண்டு எடுத்து, மிச்சப் பணத்தில் வேலையும் பார்த்துக்கொள்ளலாம். 2022-இல் யெஸ்டி பெயரில் புது வண்டிகள் வந்த பிறகு பழசைத் தேடி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். இருந்தாலும் ஏற்றம் மெதுவானதுதான்.

ஆக வண்டிக்கு வண்டி வைத்துப் பார்த்தால் வேகத்திலும் மதிப்பிலும் ஆர்.டி.தான் மேல். இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நீங்கள் வாங்கப்போவது 'ஆர்.டி.' என்ற பெயரை இல்லை, ராணிப்பேட்டையில் நிற்கும் அந்த ஒரு வண்டியை.

பெயிண்டும் குரோமும் எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். சிலிண்டரில் இருக்கும் இரும்பு அப்படி இல்லை, அது கணக்கு வைத்தது. ஆர்.டி. புதிதாக வரும்போது போர் 64.00. தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி 64.25 பிஸ்டன் போடலாம். அப்புறம் 64.50, அப்புறம் 64.75, கடைசியாக 65.00. அதோடு கதை முடிந்தது. நாலு முறைதான். ஒவ்வொரு முறை சீஸ் ஆகும்போதும், அதாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும்போதும், ஆழமாகக் கோடு விழுந்தால் ஒரே தாவலில் இரண்டு படி போய்விடும். இதில் இரண்டு சிலிண்டர், ஒன்றில் கோடு விழுந்தாலும் இரண்டையும் ஒரே அளவுக்கு அடித்தாக வேண்டும்.

கடைசி அளவும் தாண்டிய சிலிண்டருக்கு ஸ்லீவ் போடுகிறார்கள். பழைய இரும்பைக் குடைந்து எடுத்துவிட்டுப் புதுக் குழாயை உள்ளே இறக்குவது. வேலை தெரிந்தவர் செய்தால் நன்றாகவே ஓடும். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரில் ஜன்னல்கள் இருக்கின்றன, போர்ட் என்போம். எரிந்த புகை போகும் ஜன்னல் எந்த உயரத்தில், எவ்வளவு அகலத்தில் திறக்கிறது என்பதும் ஹை டார்க், லோ டார்க் வித்தியாசத்தில் ஒரு முக்கியப் பகுதி. ஸ்லீவ் போட்டவர் அந்த ஜன்னலைக் கண் அளவில் அறுத்து, ஒரு மில்லிமீட்டர் கீழே விட்டுவிட்டால் ஹை டார்க் வண்டி லோ டார்க்கை விட மந்தமாக ஓடும். வலது இடது இரண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் வண்டி நடுங்கும். என்னிடமே அப்படி வந்தது. நான் வைத்திருந்த ஆர்.டி.க்கு வெளியூரில் ஓர் இடத்தில் ஸ்லீவ் போட்டு வாங்கியிருந்தார் முன்னால் வைத்திருந்தவர். ஹெட்டை, அதாவது சிலிண்டர் மேல்மூடியை, திறந்து வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வலது, இடது ஜன்னல்களின் உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்.

86 மாடல் என்பதால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடுகிறது. எண்பதுகளின் நடுவிலேயே லோ டார்க் வந்துவிட்டது. ஹை டார்க் என்று சொன்னால் கூடுதல் விலை கிடைக்கும், அதனால் எல்லா வண்டியும் இப்போது ஹை டார்க்தான். ஸ்டிக்கரையும் வாய்வார்த்தையையும் விடுங்கள். சைலன்சரைக் கழற்றி அந்த ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் ஸ்லீவின் வட்டக் கோடு தெரிகிறதா, ஜன்னல் ஓரம் ஃபேக்டரியில் வார்த்தது போல வழவழப்பாக இருக்கிறதா, அரத்தால் ராவியது போலச் சொரசொரப்பாக இருக்கிறதா? பிறகு ஹெட்டைத் திறந்து பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 0.25 என்று இருந்தால் சந்தோஷம். 1.00 என்று இருந்தால் அந்த வண்டி தன் ஆயுளின் கடைசிப் படியில் நிற்கிறது. ஹெட்டைத் திறக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் கிராங்க் சீல், அதாவது என்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டின் இரு முனையிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். வண்டி ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சும். அந்தப் பக்கச் சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். காயில் பக்கத்துச் சீல் போயிருந்தால் காற்றை உறிஞ்சும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் தொங்கும். இரண்டாவதுதான் கொடியது. காற்று கூடினால் சூடு கூடும், நம் ஊர் மே மாதத்து நாற்பது டிகிரி வெயிலில் அது பிஸ்டனைப் பிடித்துவிடும். என் ஆர்.டி. பள்ளிகொண்டா தாண்டிப் பின்சக்கரம் பூட்டி நின்றது அப்படித்தான். எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். கிளட்சில் எப்போதும் இரண்டு விரல் வைத்திருக்கும் பழக்கம் என்னைக் காப்பாற்றியது. நீங்களும் அந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்கிங்கிலும் இதே சீல், இதே நோய் உண்டு. ஆனால் ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், வேலை பாதி. வாணியம்பாடி வண்டியில் கியரைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் இழுக்கும்போது கியர் தானாக நழுவுகிறதா, கிக்கர் அமுக்கியதும் பிடிக்கிறதா, வழுக்குகிறதா? வெளுத்த பெயிண்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஃபேக்டரியில் அடித்த பெயிண்ட் அடியில் துருப்பிடிக்காமல் இருந்தால் அதற்கு மேல் ஒரு கோட்டும் அடிக்காதீர்கள். டேங்க் ஓரத்துக் கோடு, கம்பெனி முத்திரை, பழைய ரப்பர்கள், எல்லாம் அப்படியே இருக்கட்டும். மதிப்பு அங்கேதான் சேருகிறது.

பேப்பர் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரை வண்டியில் பொறித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பரைச் சுற்றி ராவிய அடையாளம் இருந்தால் தொடவே வேண்டாம். நம் எல்லையில் ஆந்திராவும் பக்கம், கர்நாடகாவும் பக்கம், வெளி மாநில வண்டிகள் நிறைய. அப்படியானால் அந்த ஊர் ஆர்டிஓ கொடுக்கும் என்ஓசி (தடையில்லாச் சான்று), படிவம் 28, கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பதினைந்து வருடம் முடிந்து ரெனியூவல் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, சேசிஸ், பாடி, என்ஜின் மாற்றாத டூ வீலருக்கும் காருக்கும் 'விஏ' எழுத்தோடு தனிப் பதிவு. இந்த வாணியம்பாடி வண்டிக்கு 2034-இல் ஐம்பது முடியும், ராணிப்பேட்டை வண்டிக்கு 2036-இல். அந்தப் பதிவு எடுத்தால் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போக வேண்டும் என்று நினைக்கும் உங்களுக்குச் சாதாரணப் பதிவே போதும். ஆனால் அன்றைக்கு இதை வாங்க வருபவர் அந்த விதியை மனதில் வைத்துத்தான் விலை கேட்பார். டிஸ்க் பிரேக் மாட்டிய ஆர்.டி.க்கும் மாட்டாததற்கும் அப்போது பெரிய இடைவெளி இருக்கும்.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எந்த வண்டி எடுத்தாலும் மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை, ஒரு அளவு பெரிதாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் காற்று கூடிச் சூடேறும். டேங்க் ரப்பர் குழாயையும் மாற்றிவிடுங்கள். இரண்டு மாதம் வண்டி எடுக்காமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

என் தீர்ப்பு வேண்டும் என்றால், சொன்ன விவரத்தை வைத்து, வாணியம்பாடி ரோட்கிங். காரணம் அது உயர்ந்த வண்டி என்பதால் இல்லை. ஒரே ஓனர், கைபடாத பெயிண்ட், போர் அதிகம் அடித்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அதைக் கண் மூடிப் பிரித்துப் பூட்டும் வயதான மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ராணிப்பேட்டை ஆர்.டி.யில் பிஸ்டன் 0.50-க்குள் இருந்து, ஸ்லீவ் இல்லாமல், பம்பும் நம்பரும் ஒழுங்காக இருந்தால் மட்டும் இந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்வேன். அப்படி இருந்தால் கடன் வாங்கியாவது எடுங்கள், மறுபடி கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராணிப்பேட்டை போகிறீர்கள் என்றால் ஏழு மணிக்குள் பட்டறைக்கு வந்துவிடுங்கள். வெர்னியரும் போர் கேஜும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரும் ஒரு டார்ச்சும் நீங்கள் கொண்டுவாருங்கள்.